காலி செய்யும்போது உறைந்துபோகும் கணினி

(தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களும், துறைமுகத் தொழிலில் கணினிப் பிரிவில் வேலை செய்வோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழுதைப் பற்றி. பெரிய சர்வர் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள டேட்டாபேஸை நிறுத்துகிறார்கள். அல்லது, நினைவகம் போதாமல், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஒரு ப்ரோகிராமை முடித்துவைக்கிறது. பாரம் இறங்கிவிட்டது, இனி மெஷின் லேசாக ஓடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அந்த நேரம் பார்த்துத் திரை அசையாமல் நிற்கிறது. விசை அழுத்தினால் பதில் இல்லை. கெர்னல் லாகில் ஒரு வரி விழுகிறது. அதை அப்படியே தமிழ் எழுத்தில் சொல்கிறேன்: ‘பக்: சாஃப்ட் லாக்கப் - சிபியு#56 ஸ்டக் ஃபார் 22எஸ்!’ அதாவது, 56-ஆம் எண் கோர் 22 விநாடியாக வேறு எந்த வேலைக்கும் இடம் கொடுக்கவில்லை.

வைரஸ் இல்லை, ஹார்டுவேர் கெடவில்லை, முடிவில்லாத லூப்பும் இல்லை. அந்தக் கோர் நியாயமான வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. முடிந்துபோன ஒரு ப்ரோகிராமின் நினைவகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தாமல் செய்ததுதான் கோளாறு.

22 விநாடி தாமதம் பெரிய விஷயமா என்று துறைமுகத்து நண்பர்கள் கேட்கலாம். கேட்டில் லாரி அதைவிட நேரம் நிற்கிறது, உண்மைதான். ஆனால் இத்தகைய எச்சரிக்கை வந்த உடனே மெஷின் தானாக விழுந்து மறுபடி எழும்படி பல இடங்களில் அமைத்திருப்பார்கள். இரண்டு சர்வர்கள் ஜோடியாக ஓடும் இடங்களில் இது வழக்கம். சந்தேகத்துக்குரிய மெஷின் இறந்துவிட்டால் மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. டெராபைட் கணக்கில் நினைவகம் உள்ள சர்வர் மறுபடி எழுந்து நிற்க நிமிடக்கணக்கில் ஆகும். மெதுவாக இருந்த மெஷினை இறந்த மெஷின் என்று எண்ணி நாமே கீழே தள்ளிவிடுகிறோம். அந்த நிமிடங்கள் இங்கே எதை நிறுத்தும் என்று பாருங்கள். 1974-இல் பெருந்துறைமுகமானபோது தூத்துக்குடியில் பேரேட்டில் எழுதிய சரக்குக் கணக்கெல்லாம் இப்போது கணினியில் இருக்கிறது. எடை மேடையின் எண் சர்வருக்குப் போய்ச் சேராவிட்டால் கேட் திறக்காது.

இனி விஷயத்துக்குள் போவோம்.

பெரும்பாலான சர்வர்களில் நினைவகம் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1 ஜிபி என்றால் 2,62,144 பக்கங்கள். 1 டிபி என்றால் 26,84,35,456 பக்கங்கள். ஒரு டேட்டாபேஸ் இந்தப் பக்கங்களை ஒரே நாளில் வாங்குவதில்லை. தொடத் தொடத்தான் கெர்னல் ஒவ்வொன்றாகக் கொடுக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு நமக்குத் தெரிவதே இல்லை. ப்ரோகிராம் முடியும் நாளில் அத்தனையையும் ஒரே மூச்சில் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் வேறு யாராவது பங்கிட்டிருக்கிறார்களா, ஸ்வாப்பில் அதற்குப் பதிவு உண்டா என்று பார்த்து, எண்ணிக்கையைக் குறைத்து, காலிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 1 டிபிக்கு 26 விநாடிக்கு மேல் வந்துவிடும்.

சரி, 26 விநாடி ஆகட்டுமே. நடுவில் மற்ற வேலைகளுக்கும் வழி விட்டால் என்ன என்று கேட்பீர்கள். சாதாரண ப்ரோகிராமாக இருந்தால் அதைக் கேட்காமலே கெர்னல் கோரைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். கடிகார இன்டரப்ட் வரும், கோரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் பார்க்கும், மாற்றிவிடும். ஆனால் இங்கே ஓடிக்கொண்டிருப்பது கெர்னலின் சொந்தக் கோடு. சர்வர்களுக்கென்று வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் கெர்னலை யாரும் இடைமறிப்பதில்லை. அது தானாக நிறுத்தி வழிவிட்டால்தான் உண்டு. 2002-இல் ராபர்ட் லவ் செய்த பணியால் கெர்னலையும் இடைமறிக்கலாம் என்ற விருப்பத் தேர்வு லினக்ஸில் வந்தது. சர்வர் உலகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இடைமறிக்க இடைமறிக்க மொத்த வேலையின் வேகம் குறையும் என்பது அவர்கள் கவலை. அதில் நியாயமும் இருந்தது.

இந்த இடத்தில் நம்மூர்த் தொழில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதைவிடச் சரியான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து முறையில் ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் கல்லின் கனத்தில் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிடம், சற்றுக் கூடப்போனால் இன்னும் கொஞ்சம், சிப்பியை அள்ளிப் பையில் போட்டுவிட்டு மேலே வருவார். அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் அதே கல்லில் மற்றவர் இறங்குவார். கீழே இன்னும் சிப்பி கிடக்கிறதே என்று ஒருவர் தங்கிவிட முடியாது. தங்கினால் அவருக்கும் ஆபத்து, மேலே கல்லுக்காகக் காத்திருப்பவருக்கும் வேலை இல்லை. படகில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார்; அவர் கண்ணும் கையும் கயிற்றிலேயே இருக்கும். கல் என்ற இடத்தில் கோரை வையுங்கள். மேலே வந்து கல்லை விட்டுக்கொடுப்பதற்குக் கெர்னலில் ஒரு கட்டளை உண்டு. ‘கான்ட்_ரீஷெட்’ என்பது அதன் பெயர். ‘யாராவது காத்திருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் ஓடட்டும், நான் பிறகு தொடர்கிறேன்’ என்பதுதான் அதன் மொத்த வேலை.

கயிறு பிடிப்பவரும் கெர்னலில் உண்டு. வாட்ச்டாக் என்று பெயர். இங்கோ மோல்னார் 2005-இல் இதை லினக்ஸில் சேர்த்தார். இன்றைய வடிவில் ஒவ்வொரு கோரிலும் 4 விநாடிக்கு ஒரு முறை ஒரு டைமர் அடிக்கும். எல்லாவற்றையும்விட முன்னுரிமை உள்ள ஒரு சிறு வேலை அந்தக் கோரில் ஓடி ‘நான் ஓடினேன்’ என்று நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பு 20 விநாடியைத் தாண்டிப் பழையதாகிவிட்டால், அந்தக் கோர் வழிவிடவில்லை என்று பொருள். 20-ஐத் தாண்டிய பின் வரும் அடுத்த சோதனையில் பிடிபடுவதால்தான் லாகில் 22, 23 என்ற எண்களை அடிக்கடி பார்க்கிறோம். இன்டரப்டைக்கூட 10 விநாடிக்குக் கவனிக்காத நிலை இதைவிடக் கொடியது. அதை ஹார்டு லாக்கப் என்பார்கள். இன்று நம் பேச்சு சாஃப்ட் லாக்கப் பற்றி மட்டும்.

இப்போது ஒரு நடந்த கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் என் கருத்து முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

ஒரு பக்கத்தைத் திரும்ப வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கோரும் ‘இந்த முகவரி இந்தப் பக்கத்தில் இருக்கிறது’ என்ற குறிப்பைத் தன்னிடமுள்ள டிஎல்பி என்ற சிறிய அட்டவணையில் வைத்திருக்கும். பக்கத்தை வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்த பிறகும் பழைய குறிப்பு ஏதோ ஒரு கோரில் இருந்துவிட்டால், ஒருவர் எழுதுவது இன்னொருவர் நினைவகத்தில் போய் விழும். ஆகவே முதலில் எல்லாக் கோர்களிலும் அந்தக் குறிப்பை அழிக்க வேண்டும். அதன் பிறகுதான் பக்கத்தைக் காலிப் பட்டியலில் சேர்க்கலாம். அந்த அழிப்புக்கு மற்ற கோர்களுக்கெல்லாம் செய்தி அனுப்ப வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அனுப்பினால் மெஷின் நொண்டிவிடும். எனவே பக்கங்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, மொத்தமாக ஒரு முறை குறிப்பை அழித்து, மொத்தமாக விடுவிப்பார்கள். இப்படிச் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டுக்கு எம்எம்யு-கேதர் என்று பெயர்.

2011-இல் பீட்டர் ஸில்ஸ்ட்ரா இதைச் செம்மைப்படுத்தினார். சேர்த்துவைக்கும் பட்டியல் நிறைந்தால் இன்னொரு பக்கம் வாங்கிப் பட்டியலை நீட்டலாம் என்று ஆக்கினார். நல்ல மாற்றம், வேகம் கூடியது. ஆனால் எவ்வளவு நீளலாம் என்பதற்கு எல்லை வைக்கவில்லை. சிறிய மெஷினில் இதனால் ஒன்றும் ஆகாது. 1 டிபி வைத்திருந்த ப்ரோகிராம் முடிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பக்கத்தின் முகவரிக்கு 8 பைட். விடுவிக்க வேண்டிய பக்கங்களின் பட்டியலை எழுதிவைக்கவே 2 ஜிபி தேவைப்படும்.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கங்களைச் சேகரிக்கும் லூப்பில் கான்ட்_ரீஷெட் இருந்தது. சேகரிக்கும்போது கெர்னல் ஒழுங்காக வழிவிட்டுக்கொண்டே இருந்தது. சேகரித்தவற்றை விடுவிக்கும் லூப்பில் அது இல்லை. சேகரிப்பும் விடுவிப்பும் அளவாக மாறி மாறி நடந்த காலத்தில் இந்தக் குறை தெரியவில்லை. பட்டியல் நீளத் தொடங்கியதும் கோடிக்கணக்கான பக்கங்கள் கடைசியில் ஒரே இடத்தில் வந்து குவிந்தன, வழிவிடாத அந்த இடத்தில். யார் எழுதிய கோடும் தவறில்லை. இரண்டு சரியான கோடுகளுக்கு நடுவில் பழுது பிறந்தது.

மிஹால் ஹாக்கோ அனுப்பிய திருத்தம் 2013 ஜனவரியில் ஏற்கப்பட்டது. மிகச் சிறியது. ஒரு சேகரிப்பில் ஏறக்குறைய 10,000 பக்கங்களுக்கு மேல் சேர்க்காதே, அந்த அளவு வந்ததும் விடுவித்துவிட்டு மறுபடி தொடங்கு என்றார். ஏன் 10,000? 20 விநாடியை 10,000-ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 2 மில்லி விநாடி கிடைக்கிறது. ஒரு பக்கத்தை விடுவிக்க அவ்வளவு நேரம் எடுக்கவே எடுக்காது, ஆகவே பாதுகாப்பு. 4 கேபி பக்கத்தில் 510 முகவரிகள் கொள்ளும் என்பதால் 19 பட்டியல்கள் என்று கணக்கு வரும், சுமார் 38 எம்பி. அந்தச் சிறு திருத்தம் லினக்ஸ் 3.8-இல் சேர்ந்து, உலகம் முழுவதும் சர்வர்கள் விழுவதைத் தடுத்தது. எனக்கு அந்தத் திருத்தத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. பிரச்சினைக்கு ஏற்ற அளவில் தீர்வு, அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

ஆனால் அந்த 10,000 நிலைக்கவில்லை.

நினைவகம் பெரிதாகப் பெரிதாக 4 கேபி பக்கங்களைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை என்று, பல பக்கங்களை ஒன்றாகக் கட்டிய ‘ஃபோலியோ’ என்ற ஏற்பாடு 2022-இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.16-இல் வந்தது. 2 எம்பி பெரும்பக்கம் என்றால் அதற்குள் 512 சாதாரணப் பக்கங்கள். இப்போது ‘ஒன்று’ என்று எண்ணுவது 4 கேபியாகவும் இருக்கலாம், 2 எம்பியாகவும் இருக்கலாம். இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. விடுவிக்கும் பக்கத்தில் பழைய ரகசியம் எதுவும் தங்கிவிடக் கூடாது என்று, விடுவிக்கும்போதே அதை முழுவதும் பூஜ்யமாக்கும் வசதி 2019-இல் 5.3-இல் வந்திருந்தது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அதை இயக்கிவிட்டால் 2 எம்பியைப் பூஜ்யமாக்க 4 கேபியைப்போல் 512 மடங்கு எழுத வேண்டும். எண்ணிக்கை ஒன்றுதான், நேரம் ஒன்றல்ல.

2024 பிப்ரவரியில் டேவிட் ஹில்டன்பிராண்ட் இதைச் சரிசெய்தார். சாதாரணமாக 512 ஃபோலியோக்களுக்கு ஒரு முறை வழிவிடு. பூஜ்யமாக்கும் வசதி இயங்கினால், எத்தனை ஃபோலியோ என்று எண்ணாதே, அவற்றில் உள்ள பக்கங்களை எண்ணு. 512 பக்கங்கள் அளவுக்கு வந்ததும் வழிவிடு. அதாவது அளவுகோலையே மாற்றினார். விடுவிக்கும் உள் செயல்பாட்டுக்குள்ளேயே கான்ட்_ரீஷெட்டை வைத்துவிட்டால் எளிதாக முடியுமே என்று தோன்றும். முடியாது. அதே செயல்பாட்டை, இடையில் நிற்கவே கூடாத சூழலிலிருந்தும் கெர்னலின் வேறு பகுதிகள் அழைக்கின்றன. ஸ்பின்லாக் என்ற பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டால், அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்ற கோர்கள் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு கோர் உறைவதைத் தடுக்கப்போய் எல்லாக் கோர்களும் உறையும். எனவே வழிவிடும் இடம் பூட்டுகளுக்கு வெளியே இருக்க வேண்டும். பூட்டை விட்டுவிட்டு வழிவிட்டு, மறுபடி பூட்டை எடுத்துத் தொடரும் வகையும் உண்டு. ஆனால் திரும்பி வரும்போது நாம் நடந்துகொண்டிருந்த பட்டியலே மாறியிருக்கலாம். விட்ட இடத்தை மறுபடி சரிபார்த்துத்தான் தொடர வேண்டும். வழிவிடுவது ஒரு வரிதான், அதை எங்கே வைப்பது என்பதில்தான் முழுப் படிப்பும் இருக்கிறது.

அடுத்த கதைக்கு வேர் இந்தியாவில் இருக்கிறது. ஒரே சர்வரில் பல ப்ரோகிராம் கூட்டங்களை வைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இவ்வளவு நினைவகம்தான் என்று எல்லை போடும் வசதியைப் பெங்களூரு ஐபிஎம்மில் இருந்த பால்பீர் சிங் முன்னின்று எழுதினார். 2008-இல் 2.6.25-இல் அது லினக்ஸில் சேர்ந்தது. இன்று கன்டெய்னர் என்று கணினிக்காரர்கள் சொல்வதெல்லாம், நான் சொல்வது துறைமுகத்துக் கன்டெய்னர் அல்ல, இந்த அடித்தளத்தில் நிற்கிறது. ஒரு கூட்டம் தன் எல்லையைத் தாண்டினால், யாரை முடித்துவைத்தால் நினைவகம் கிடைக்கும் என்று கெர்னல் அந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் பார்த்துக்கொண்டே போகும். இந்த ஏற்பாட்டுக்கு ஓஓஎம் என்று பெயர்.

ஒரு நிறுவனத்தின் சர்வரில் அப்படிப் பார்க்க வேண்டிய கூட்டத்தில் சுமார் 56,000 வேலைகள் இருந்தன. பார்த்து முடிப்பதற்குள் சாஃப்ட் லாக்கப். 2024 டிசம்பரில் திருத்தம் வந்தது: 1,024 வேலைகளுக்கு ஒரு முறை வழிவிடு. சில மாதங்களே அது நின்றது. 2025 மே மாதத்தில் வேறு ஒருவர் வந்தார். அவருடைய சில மெஷின்களில் மறுபடி உறைகிறது. ஏன் என்றால் அங்கே கூட்டத்தில் ஒருவரை மட்டும் அல்ல, கூட்டம் முழுவதையும் முடித்துவைக்கச் சொல்லி அமைத்திருந்தார்கள். ஒரு வேலையைப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் வேறு, முடிப்பதற்கு ஆகும் நேரம் வேறு. சில மெஷின்களில் ஒன்றை முடிக்கவே நீண்ட நேரம் ஆகிறது. 1,024 என்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் வழிவிடு என்று மாற்றினார்கள்.

மெஷின் முழுவதுமே நினைவகம் இல்லாமல் திணறும்போது நிலை இன்னும் இறுக்கம். அங்கே கெர்னல் எல்லா வேலைகளின் பட்டியலையும் ஆர்சியு என்ற பாதுகாப்பின் கீழ் நடந்துபோகிறது. பூட்டே இல்லாமல் படிக்க வழி செய்யும் இந்த ஆர்சியு 2002-இல் லினக்ஸில் சேர்ந்ததில் இன்னொரு இந்தியர், ஐபிஎம்மின் தீபங்கர் சர்மா, பால் மெக்கென்னியோடு பங்கு பெற்றார். அந்தப் பாதுகாப்பின் நடுவில் கான்ட்_ரீஷெட் போட இயலாது. எனவே 2024-இன் அதே திருத்தத்தில், அந்த இடத்தில் மட்டும் வாட்ச்டாகைத் தொட்டு ‘இன்னும் வேலை நடக்கிறது, கவலைப்படாதே’ என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்கள். மெஷின் ஏற்கெனவே சாகும் நிலையில் இருக்கிறது, எச்சரிக்கை வந்து பயன் இல்லை என்பதால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது தீர்வு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறைவு அப்படியேதான் இருக்கிறது, புகார் மட்டும் நின்றது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 10,000 பக்கம், 512 ஃபோலியோ, 1,024 வேலை. ஒவ்வோர் எண்ணும் அதை எழுதியவர் கண்முன் இருந்த மெஷினுக்குச் சரியாகவே இருந்தது. பிறகு மெஷின் மாறியது, பக்கத்தின் பொருள் மாறியது, வேலையின் கனம் மாறியது. எண் மட்டும் அங்கேயே நின்றது. என் கருத்து இதுதான்: எத்தனை வேலைக்கு ஒரு முறை வழிவிடுவது என்பதை எண்ணிக்கையால் முடிவு செய்ய முடியாது, நேரத்தால்தான் முடிவு செய்ய முடியும். நேரம் தெரிந்தவர் லூப்பை எழுதியவர் அல்லர், ஷெட்யூலர். லூப்பை எழுதுகிறவரிடம் இந்தப் பொறுப்பை இருபது ஆண்டுக்கு மேலாக விட்டுவைத்திருந்தோம். அதனால் கெர்னலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கான்ட்_ரீஷெட் தூவிக் கிடக்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் யாரோ ஒருவருடைய சர்வர் எங்கோ உறைந்த பிறகு வைத்தவை என்பது என் ஊகம்.

கெர்னல் எழுதுகிறவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். 2023-இல் தாமஸ் கிளைக்ஸ்னர் ஒரு வழி சொன்னார். அங்கூர் அரோரா அதைப் பின்பற்றி, கான்ட்_ரீஷெட்டுகளைக் கெர்னலிலிருந்தே அகற்றிவிடலாம் என்று பெரிய திருத்தத் தொகுப்பை முன்வைத்தார். பீட்டர் ஸில்ஸ்ட்ரா எழுதிய வடிவம் 2025 ஜனவரியில் வெளியான 6.13-இல் சேர்ந்தது. ‘லேசி ப்ரீஎம்ப்ஷன்’ என்கிறார்கள். முறை எளிது. ஒரு வேலையின் நேரம் முடிந்ததும் ஷெட்யூலர் உடனே பிடுங்காது. ஒரு குறியை மட்டும் வைக்கும். கெர்னல் தன் வேலையை முடித்துத் தானாக வெளியே வர அடுத்த டிக் வரை அவகாசம். அமைப்பைப் பொறுத்து 1 முதல் 10 மில்லி விநாடி. அதற்குள் வராவிட்டால் ஷெட்யூலரே இடைமறித்து எடுத்துக்கொள்ளும். சர்வர்காரர்கள் அஞ்சிய வேகக் குறைவும் வரக் கூடாது, 22 விநாடிக் காத்திருப்பும் கூடாது என்பதே நோக்கம். நினைவகத்தை விடுவிக்கும் லூப் எத்தனை கோடிப் பக்கம் நடந்தாலும் அதில் எண் எழுதிவைக்கத் தேவையில்லை.

ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் நிற்கும் கோட்டை மட்டும் இதுவும் காப்பாற்றாது. பூட்டு கையில் இருக்கும்வரை யாரும் இடைமறிக்க முடியாது. அங்கே பழைய உழைப்புதான்: பூட்டைச் சிறிதாக்க வேண்டும், நடுவில் விட்டுப் பிடிக்க வேண்டும்.

துறைமுகத்து நண்பர்களுக்கு இனி நடைமுறைக்கு இரண்டு வார்த்தை. உங்கள் சர்வர்கள் நாளைக்கே 6.13-க்கு மாறப்போவதில்லை. நிறுவனங்கள் ஓட்டும் லினக்ஸ் பெரும்பாலும் பல ஆண்டு பழைய கெர்னல். அதில் இந்தத் திருத்தங்களில் எவை எவை பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாஃப்ட் லாக்கப் வந்தால் 20 விநாடி எல்லையை 60 ஆக, 120 ஆக உயர்த்தி வாயை அடைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கயிறு பிடிப்பவரைத் திரும்பி நிற்கச் சொல்வதற்கு அது சமம். லாகில் அந்த வரிக்குக் கீழே கால் ட்ரேஸ் என்று செயல்பாடுகளின் பெயர்கள் அடுக்காக வரும். அதில் ‘எக்ஸிட்_எம்மேப்’ என்று இருந்தால் முடிந்த ப்ரோகிராமின் நினைவகத்தை விடுவிக்கும்போது நின்றது. ‘ஓஓஎம்’ என்று தொடங்கும் பெயர்கள் இருந்தால் யாரை முடிப்பது என்று தேடும்போது நின்றது. மெஷின் விர்ச்சுவலாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அடியிலுள்ள உண்மையான மெஷின் நெரிசலில் உங்கள் மெஷினுக்குக் கோரே கொடுக்காமல் இருந்திருக்கலாம். அப்போது குற்றம் கெர்னலில் இல்லை. டேட்டாபேஸுக்கு 2 எம்பி பெரும்பக்கங்களை ஒதுக்கினால் 1 டிபியில் 26 கோடிக்குப் பதில் 5,24,288 பக்கங்கள்தான். பல இடங்களில் இந்த ஒரு மாற்றமே பெரும் பாரத்தைக் குறைக்கும்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்களில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அரசு கொடுத்த மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸில்தான் இருக்கும். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்டது அது. டெராபைட் சர்வரில் ஓடும் கெர்னலும் அதில் ஓடிய கெர்னலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. 2 ஜிபி உள்ள மடிக்கணினியில் 5 லட்சத்துச் சொச்சம் பக்கங்கள்தான்; இன்று நான் சொன்ன பழுதை அதில் ஒருபோதும் பார்க்க முடியாது. ஆனால் அதைத் திருத்திய கோட்டை அதிலேயே திறந்து படிக்கலாம். ‘எம்எம்’ என்ற அடைவுக்குள் ‘எம்எம்யு_கேதர்.சி’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. சில நூறு வரிகள்தான். கிட் வரலாற்றில் அதன் 2024 மாற்றத்தை எடுத்துப் பாருங்கள், திருத்தியவர் ஏன் திருத்தினார் என்று மேலே எழுதிய விளக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். பாடப்புத்தகத்தில் ஷெட்யூலர் ஒரு பாடம், நினைவகம் இன்னொரு பாடம் என்று தனித்தனியாக இருக்கும். பழுது அந்த இரண்டுக்கும் இடையில் எப்படிப் பிறக்கிறது என்று அந்தக் கோப்பில்தான் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சர்வர் உறைந்தால் நம் கை முதலில் போவது ரீசெட் பொத்தானுக்கு. கேட்டில் வரிசை நிற்கும்போது வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விழும் நேரத்தில் நினைவகத்தின் படத்தை எடுத்துவைக்கும் கேடம்ப் என்ற வசதியை இன்றே அமைத்துவிடுங்கள். லாக் வேறு ஒரு மெஷினுக்கும் போய்ச் சேரும்படி செய்யுங்கள். விழுந்த பிறகு அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்தி, உங்கள் கெர்னலைக் கொடுத்தவருக்குப் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள். 10,000 என்ற எண் போதாது என்று எங்கோ ஒருவர் அனுப்பிய லாகில் இருந்துதான் தெரியவந்தது. தூத்துக்குடியில் ஓடும் சர்வரின் சுமை வேறு ஊரில் இருக்காது. அதில் மட்டுமே தெரியும் பழுதை நீங்கள் அனுப்பாவிட்டால் வேறு யாரும் அனுப்பப்போவதில்லை.